பழைய கார் புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆகுதா? சர்டிஃபிகேட்டை விட அந்த 'ரிஜெக்‌ஷன் ஸ்லிப்' ஏன் முக்கியம்?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் ஆர்.சி. புக்கைப் பார்ப்பார்கள், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள், பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். புகை சர்டிஃபிகேட் பற்றிக் கேட்டால் மட்டும், "அது பெரிய விஷயமா சார், பெட்ரோல் பங்க்ல அஞ்சு நிமிஷத்துல எடுத்துக்கலாம்" என்று பதில் வரும். வண்டி நல்ல நிலையில் இருந்தால் அது உண்மைதான். ஆனால் 12, 15 வருஷம் ஓடிய காராக இருந்தால், அந்த அஞ்சு நிமிஷ டெஸ்ட்தான் இன்ஜினின் உண்மையான நிலைமையைக் காட்டிக் கொடுக்கும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அந்த டெஸ்ட்டை எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 115-ன் படி, புது வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குப் புகை சர்டிஃபிகேட் தேவையில்லை. அதன் பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும். மாசு விதியை மீறினால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. லைசென்ஸையும் 3 மாதத்துக்கு முடக்கலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நிறைய குழப்பம் இருக்கு. புகை சர்டிஃபிகேட் இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீதிமன்றமே நீக்கிவிட்டது. 'சர்டிஃபிகேட் இல்லைன்னா விபத்து கிளைம் கிடைக்காது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலும் சரியல்ல. அதை மட்டும் காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்ட்டிலேயே விளக்கம் கொடுத்திருக்கிறது. அதற்காக சர்டிஃபிகேட் வேண்டாம் என்று அர்த்தமில்லை, அபராதம் அப்படியேதான் இருக்கு.

15 வருஷம் முடிந்த காருக்கு இது இன்னும் முக்கியம். பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும், புகை சர்டிஃபிகேட்டும் வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

உங்கள் காருக்கு எந்த அளவுகோல்?

பெட்ரோல் காரில் இரண்டு விஷயத்தை அளப்பார்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு. இன்னொன்று எரியாமல் வெளியே வரும் எரிபொருள், அதாவது ஹைட்ரோகார்பன். பி.எஸ்.2-க்கு முந்தைய கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை இருக்கலாம். பி.எஸ்.2, பி.எஸ்.3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பி.பி.எம். பி.எஸ்.4-லிருந்து அது 0.3 சதவீதம், 200 பி.பி.எம். என்று இறுகிவிட்டது. கூடவே இன்ஜினை 2500 ஆர்.பி.எம். அளவுக்கு ரேஸ் கொடுத்தும் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும். அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைச் சொல்லும் 'லாம்ப்டா' எண் 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு பி.எஸ்.4 விதி 2010-லேயே வந்துவிட்டது, நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில்தான். அதனால் 2012-ல் சென்னையில் பதிவான காரும், அதே வருஷம் வேறு ஊரில் பதிவான அதே மாடல் காரும் வேறு வேறு அளவுகோலில் வரலாம். வருஷத்தை வைத்து முடிவு செய்யாமல், ஆர்.சி.யில் எந்த பி.எஸ். என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்லிப்பில் இருக்கும் எண்கள் சொல்லும் கதை

டெஸ்ட்டில் தோற்றால் வெறுமனே 'ஃபெயில் சார், ட்யூனிங் பண்ணிட்டு வாங்க' என்று அனுப்பக் கூடாது. 2021 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, ரிஜெக்‌ஷன் ஸ்லிப் கொடுக்க வேண்டும். பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. வாங்குங்கள். மெக்கானிக்கிடம் காட்ட அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறியிருந்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது என்று அர்த்தம். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய மாருதி 800, அம்பாசிடர், ப்ரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், சோக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஐடிலிங் ஸ்க்ரூ செட்டிங் மாறியிருக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சந்தேகம் போக வேண்டிய இடம் ஆக்சிஜன் சென்சார், அடுத்தது கூலன்ட் வெப்பநிலை சென்சார். இந்த இரண்டாவது சென்சார் கெட்டால், இன்ஜின் சூடாகிவிட்ட பிறகும் 'இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்கு' என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். திடீரென்று மைலேஜ் குறைந்த காரில் இதை முதலில் பார்க்கலாம்.

ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகமாக, கார்பன் மோனாக்சைடு சரியாக இருந்தால் கதை வேறு. பெட்ரோல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமலே வெளியே வருகிறது. நம்ம ஊர் பாஷையில் 'மிஸ்ஸிங் அடிக்குது'. பிளக், பிளக் வயர், இக்னிஷன் காயில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்று இழுத்தாலும் இப்படித்தான் காட்டும். எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை, காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகையும் வருகிறது என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. அது வால்வ் சீலோடு முடியுமா, பிஸ்டன் ரிங் வரை போகுமா என்பது கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தால் தெரியும். இந்த இடத்தில்தான் 'இந்த கார் வேண்டாம்' என்று எழுந்து வருவதா, விலையைக் குறைத்துப் பேசுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

லாம்ப்டா 1.03-ஐத் தாண்டினால், பெரிய செலவை யோசிப்பதற்கு முன் சைலன்சர் பைப்பைக் கீழிருந்து பாருங்கள். துரு பிடித்த ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்தாலே எண் மாறிவிடும். வெல்டிங் வைத்தால் தீர்ந்துவிடும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: கடைசியில் மாற்ற வேண்டியது

இரண்டு எண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, பிளக், ஃபில்டர், சென்சார் எல்லாம் சரி என்றால், சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்திருக்கலாம். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். விலை உயர்ந்த உலோகங்கள் என்பதால் அதைத் திருடுபவர்களும் உண்டு, 'பிக்கப் கூடும்' என்று சொல்லி உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிடுபவர்களும் உண்டு. வெளியே பார்த்தால் டப்பா அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பழைய கார் வாங்கும்போது இது பெரிய பொறி. கையால் தட்டும்போது கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. சத்தமே இல்லை என்பதால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் இதை முதலில் மாற்றாதீர்கள். மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினில் புதுசாகப் போட்டால், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, அதையும் சுட்டுக் கெடுத்துவிடும். ஆயில் குடிக்கும் இன்ஜினும் மெல்ல மெல்ல அதையே செய்யும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழையது கிடைக்கும், ஆனால் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

டெஸ்ட்டுக்குப் போகும் நாளில்

நல்ல நிலையில் உள்ள கார்களே தோற்றுப்போக ஒரு சாதாரண காரணம், இன்ஜின் சூடாகாமல் போய் நிற்பது. கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கவே சுமார் 250 முதல் 300 டிகிரி வெப்பம் தேவை. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள மையத்துக்கு இரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தால் அது வராது. 15, 20 நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள். கியூ இருந்தால் இன்ஜினை அணைத்து ஆற விடாதீர்கள். ஏ.சி.யை ஆஃப் செய்யுங்கள். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டே போங்கள். பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோல் ஆவியாகித் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே போகும், எண் ஏறும்.

டேங்கில் ஊற்றும் 'கிளீனர்' பாட்டில்கள் இன்ஜெக்டரில் அழுக்கு இருந்தால் ஓரளவு உதவலாம். செத்த கன்வெர்ட்டரையோ தேய்ந்த ரிங்கையோ அவை சரி செய்யாது.

டெஸ்ட் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கருவியின் குழாயைச் சைலன்சருக்குள் குறைந்தது 300 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஒரு அடி உள்ளே விட வேண்டும். வாயில் சும்மா வைத்தால் வெளிக்காற்றும் சேர்ந்து வரும். குழாயே விடாமல் நம்பர் பிளேட்டை மட்டும் படம் எடுத்து சர்டிஃபிகேட் தருகிறோம் என்றால், காசு மிச்சம் மாதிரிதான் தெரியும். ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவருக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டீசல் கார் என்றால்

டீசலில் அளப்பது புகையின் அடர்த்தி. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து விட வேண்டும், அதைச் சில முறை செய்வார்கள். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிகளுக்கு அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரை, பி.எஸ்.4 முதல் 50 வரை இருக்கலாம். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் நாசில், டர்போ ஹோஸில் கசிவு, கரி பிடித்த இ.ஜி.ஆர். வால்வ் என்று பார்த்துக்கொண்டு போகலாம். டவுனுக்குள்ளேயே மெதுவாக ஓடிய டீசல் காரை, டெஸ்ட்டுக்கு முன் ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டினால் சைலன்சரில் படிந்த கரி ஓரளவு வெளியேறும்.

டைமிங் பெல்ட் உள்ள பழைய டீசல் காரில், அந்த பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாமல் இந்த டெஸ்ட்டுக்கு நிறுத்தாதீர்கள். முழு ரேஸில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். சர்வீஸ் ரெக்கார்டு இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள், அவருக்கும் தெரியவில்லை என்றால் முதலில் பெல்ட், ஆயில் லெவல், கூலன்ட் மூன்றையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் மையத்துக்கு வண்டியை எடுங்கள்.