யளனக: எர்ணாவூர் மடிக்கணினி ஒன்றும் பள்ளிக் கணினியின் வரலாறும்

பள்ளிக்கூடத்துக் கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அமெரிக்கக் கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபனோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டியாக வேண்டும். திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி என ஒவ்வொரு கருவியும் வகுப்பறைக்கு வந்தபோது எழுந்த ஆரவாரம், அடுத்து வந்த ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர் தலையில் விழுந்த பழி: இந்தச் சுற்றை 1986இல் அவர் விளக்கினார். 2001இல் வெளிவந்த நூலில், சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளிலேயே கணினிகள் ஏராளமாக இருந்தும் பாடம் பழைய முறையில்தான் நடக்கிறது என்று காட்டினார். இதில் ஆசிரியர் மேல் குற்றமில்லை, பாடவேளையும் தேர்வும் பள்ளியின் அமைப்பும்தான் காரணம் என்பது அவர் முடிவு.

ஆசிரியருக்காக அவர் வாதாடிய நேர்மையை மதிக்கிறேன். என் மறுப்பு அவர் எழுப்பும் கேள்வியைப் பற்றியது. ஆசிரியர் கைக்கு வந்த கருவி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கிறார். அப்படிக் கேட்பதற்கு முதலில் கருவி ஆசிரியர் கைக்கு வந்திருக்க வேண்டுமே! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கருவியாக வரவில்லை, ஒரு பாடமாக வந்தது. அதற்கென்று தனிப் புத்தகம், தனி அறை, தனிப் பயிற்றுநர். இயற்பியல் ஆசிரியர் அந்த அறைக்குள் போக வேண்டிய தேவையே எழவில்லை. போகாதவரைப் பார்த்து, 'கருவியைப் பயன்படுத்தவில்லை' என்று கணக்கெழுதுவது எப்படிச் சரியாகும்?

கியூபனின் சட்டகம் ஓரளவு பொருந்துவது 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்கு. பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் 32 கிலோபைட் நினைவகத்தோடு முதற்கட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் போயின. தேர்வோடு தொடர்பில்லாத கூடுதல் செயலாகவே அது இருந்து தேய்ந்தது. 1990களின் இறுதியில் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிப் பாடம் பரவியபோது கதை வேறு. எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50 என்று அப்போது 200 மதிப்பெண்ணுக்குரிய முழுப் பாடமாக அது இருந்தது. அண்டை மாநிலமான கேரளம் 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கி, இருக்கும் ஆசிரியர்களையே பழக்கிக் கட்டற்ற மென்பொருளோடு எல்லாப் பாடங்களுக்கும் கணினியைக் கொண்டுபோக முயன்றது. கியூபனின் கேள்வியை அங்கே கேட்கலாம்.

பாடமாக வந்ததன் விளைவுக்குப் பழைய பன்னிரண்டாம் வகுப்பு நூலே சான்று. அதன் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. அந்த மென்பொருளை 2011இல் உரிமையாளர்களே கைவிட்டார்கள். 2019இல் புதிய நூல் வரும்வரை நம் பிள்ளைகள் அதன் பட்டியல்களை மனப்பாடம் செய்தார்கள். அந்த 2011இலேயே செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மேல்நிலை மாணவர் கைக்கு வந்த அந்த மடிக்கணினியில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. புத்தகம் ஒன்று சொல்ல, கையிலிருந்த கணினியில் வேறொன்று இருந்தது. அப்படியானால் அதில் எதைக் கற்றார்கள்? யாரிடம் கற்றார்கள்?

இந்த இடத்தில்தான் வடசென்னை எர்ணாவூரில் நான் பார்த்த ஒரு மடிக்கணினியைச் சான்றாக வைக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர்த் தெருக்களுக்குள் வந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, மேம்பாலத்தை ஒட்டிய ஒரு சர்வீஸ் கடையில், பழுதான செல்போன்களுக்கு நடுவே அது கிடந்தது. மூடியில் தமிழக அரசின் கோபுர முத்திரை. உப்புக்காற்று அரித்த கீல். வன்தட்டு உயிர்பெறவில்லை, ஆகவே சான்று முழுவதும் உடம்பின் மேல்தான். அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பெயர், பக்கத்தில் '12 ஆ'. அதன் கீழே வேறொரு கையெழுத்தில், அதே தலைப்பெழுத்தோடு இன்னொரு பெயர், '8 இ'.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஆனால் அதன் பெயர் அங்கே இருக்கிறது.

பெயரைவிட விசைப்பலகை முக்கியம். நோட்டுத் தாளைச் சதுரமாக நறுக்கி, பேனாவால் தமிழ் எழுத்து எழுதி, செலோ டேப் போட்டு விசைகள்மேல் ஒட்டியிருந்தார்கள். பாதி உதிர்ந்துவிட்டது. நடு வரிசையின் இடப்பக்கத்தில் தப்பியவை நான்கு: ய, ள, ன, க. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகையில் அந்த நான்கு இடங்களில் இருப்பவை அ, இ, உ, புள்ளி. அதில் 'க' வலக்கைப் பக்கம். ஆக, ஒட்டியவர் அரசின் தரத்தைப் பின்பற்றவில்லை. 'யளனக' என்பது தட்டச்சுப் பொறியின் முதல் பாடம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் டைப்பிங் இன்ஸ்டிடியூட் படியேறிய எவரும் விரலில் வைத்திருக்கும் சொல் அது. லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளை முடித்து, அரசின் சி.ஓ.ஏ. கணினிச் சான்றிதழும் வாங்கினால் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்கும் இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு.

ஒரு மறுப்பை நானே எழுப்பியாக வேண்டும். பாமினி எழுத்துருவின் விசை அமைப்பிலும் அந்த நான்கு இடங்களில் ய, ள, ன, கதான். எனவே இது டி.டி.பி. கடை வேலைக்கான ஒட்டாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய ஓர விசைகளில் தாள் இல்லை. ஒரே ஒரு கணினியை வைத்துப் பகுதி முழுவதையும் அளக்கவும் முடியாது. ஆனாலும் என் வாதத்தை விடமாட்டேன். இன்ஸ்டிடியூட்டோ டி.டி.பி. கடையோ, அந்த 'யளனக' பள்ளிப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பள்ளிக்கூடம் கணினியைக் கொடுத்தது, கல்வி வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. வகுப்பறைக்குள் நின்று மணிக்கணக்குப் பார்க்கும் கியூபனின் முறைக்கு அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை தென்படவே மாட்டாது. தென்படாததை 'பயன்பாடின்மை' என்று எழுதிவிட்டால், அண்ணன் கணினியில் தாள் ஒட்டிப் பழகிய ஒரு பிள்ளையின் உழைப்பு வரலாற்றில் இல்லாமல் போய்விடும்.

பள்ளியும் மடிக்கணினியும் பாடத்தின் பொருட்டுத் தெளிவாகச் சந்தித்த தருணம் என்று 2020 ஜூலையைச் சொல்வேன். தொற்றுக்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மடிக்கணினியோடு பள்ளிக்கு வந்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் காணொலிப் பாடங்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்போதும் கற்றது வீட்டில்தான்.

ஆகவே தமிழ்நாட்டு வகுப்பறைக்குக் கணினி வந்த ஆண்டு எது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தர நான் தயாரில்லை. காட்சிப்பொருளாக 1984, தேர்வுப் பாடமாக 1990களின் இறுதி, வீட்டுப் பொருளாக 2011. வகுப்பறையை மட்டும் அளவாகக் கொள்பவர்கள் மூன்றாவதை ஒதுக்குவார்கள். நான் அதையே முதலில் வைக்கிறேன்.

எர்ணாவூர்ச் சான்றின் காலமும் முழுதாகத் துலங்கவில்லை. செலோ டேப்பின் மேலேயே எண்ணெய்க் கறை படிந்திருப்பதால் தாள்கள் 2023 டிசம்பருக்கு முன்பே ஒட்டப்பட்டவை. திட்டமே 2011இல் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தியவையாகவும் இருக்க முடியாது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எது என்று சொல்ல இயலவில்லை. 'ள'வின் சுழி அடிப்பக்கத்து இரண்டாவது பெயரின் சுழியை ஒத்திருக்கிறது. 'ன' ஒத்திருக்கவில்லை.