இ-ஸ்போர்ட்ஸில் கொரிய ஆதிக்கம்

தென் கொரிய வீரர்கள் 2000ஆம் ஆண்டு தொட்டுச் சர்வதேச இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளில் குவித்துவரும் வெற்றிகளையும், அவற்றால் உலக ரசிகர்களிடையே உண்டான மாற்றங்களையும் இத்தலைப்பு குறிக்கும். கணினி விளையாட்டு எதுவானாலும் கொரியர்தான் வெல்வார்கள் என்றொரு எண்ணம் பரவலாக உண்டு. அது உண்மையல்ல. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சுவீடன், டென்மார்க், பிரேசில் அணிகள் கோலோச்சின. டோட்டா 2இல் பெரும்பாலும் சீன, ஐரோப்பிய அணிகள் வென்றன. கொரியா தனக்குப் பிடித்த விளையாட்டுகளையே விளையாடியது. ஸ்டார்கிராஃப்டும் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸும் அவற்றில் முதன்மையானவை; இந்த இரண்டிலும் பிறருக்கு அது நெடுங்காலம் இடம் வைக்கவில்லை.

தோற்றம்

1997 இறுதியில் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவைத் தாக்கியது. நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. வேலையிழந்தவர்களில் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பிசி பாங்' எனப்படும் கணினி நிலையங்களைத் திறந்தார்கள். மாடியிலோ நிலவறையிலோ ஒரு கூடம், வரிசையாகக் கணினிகள், மணிக்கு ஆயிரம் வொன் அளவில் கட்டணம், பசித்தால் கோப்பையில் ராமென். பள்ளி விட்ட பிள்ளைகளுக்கும் வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கும் அதைவிட மலிவான பொழுதுபோக்கு இல்லை. 2000 வாக்கில் இந்நிலையங்களின் எண்ணிக்கை 20 ஆயிரத்தைத் தாண்டியது. ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்கு 1998 வரை இருந்த தடையால், ஜப்பானைப் போல வீட்டுக்கு வீடு கன்சோல் என்ற நிலை கொரியாவில் உருவாகவில்லை. அந்த இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. அரசு அகலக்கற்றை இணையத்தில் முனைப்புக் காட்ட, 2002இல் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள்.

அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்டை வெளியிட்டது 1998இல், இந்தச் சூழல் கனிந்திருந்த வேளையில். 2007 வாக்கில் உலகெங்கும் விற்றிருந்த சுமார் 95 இலட்சம் பிரதிகளில் 45 இலட்சம் கொரியாவில் மட்டுமே விற்றவை.

தொலைக்காட்சிக் காலம்

விளையாட்டு பிரபலமானது பாதிக் கதைதான். டூனிவர்ஸ் என்னும் கார்ட்டூன் சேனல் 1999இல் ஸ்டார்கிராஃப்ட் போட்டியை ஒளிபரப்பிப் பார்த்தது. கிடைத்த வரவேற்பில் 2000இல் ஆன்கேம்நெட் என்ற தனிச் சேனலே பிறந்தது, அடுத்து எம்.பி.சி. கேம் வந்தது. ஓ.எஸ்.எல்., எம்.எஸ்.எல். என்னும் பெரும் தொடர்கள் இச்சேனல்களுடையவை. பண்பாட்டு அமைச்சகத்தின் ஒப்புதலோடு கெஸ்பா என்னும் கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கமும் 2000இல் உருவானது. எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் போன்ற பெருநிறுவனங்கள் அணிகளை நடத்தின. வீரர்கள் ஒரே வீட்டில் தங்கி, சமையல்கார அம்மாவின் கைச்சாப்பாட்டில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி செய்தார்கள். பிற நாட்டு வீரர் கல்லூரிக்குப் போய்வந்து மாலையில் விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. திறமையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்பட்டன. கொரிய இரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்றவர்களும் உண்டு. மாதச் சம்பளமும் பயிற்சியாளரும் சக வீரர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் மற்ற எல்லா விளக்கங்களையும்விட நம்பத்தக்கது.

தொடக்கத்தில் வெளிநாட்டவருக்கும் வாய்ப்பிருந்தது. கியூபெக்கைச் சேர்ந்த கனடியர் கியோம் பாத்ரி, அகலக்கற்றை நிறுவனமான ஹனாரோ ஆதரவளித்த ஓ.எஸ்.எல். பட்டத்தை 2000இல் வென்றார். பழைய ஸ்டார்கிராஃப்டில் அப்பட்டத்தை வென்ற ஒரே வெளிநாட்டவர் அவர்தான். பாத்ரி கொரியாவிலேயே தங்கிவிட்டார். பின்னாளில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வந்து கொரிய வீடுகளுக்குத் தெரிந்த முகமானார். அவருக்குப் பிறகு கதவு மூடியது. கொரியர்களே தொடங்கிய உலக சைபர் போட்டிகளில் 2000 முதல் 2010 வரை ஸ்டார்கிராஃப்ட் தங்கம் ஒருமுறைகூடக் கொரியாவை விட்டுப் போகவில்லை.

இக்காலத்தின் நாயகர் 'பாக்ஸர்' எனப்படும் லிம் யோ-ஹ்வான். அவருடைய இணைய ரசிகர் மன்றத்தில் ஆறு இலட்சம் பேருக்குமேல் இருந்தார்கள். 2004 நவம்பர் 12 அன்று ஓ.எஸ்.எல். அரையிறுதியில் அவர் 'யெல்லோ' என்ற ஹோங் ஜின்-ஹோவைச் சந்தித்தார். இருவரும் நெடுநாள் எதிரிகள். நாடே எதிர்பார்த்த ஆட்டம். பாக்ஸர் தொடக்கத்திலேயே தொழிலாளிகளையும் சிப்பாய்களையும் எதிரியின் வாசலுக்கு அனுப்பி அங்கேயே காவல்குழி கட்டினார். முதல் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தது. இரண்டாம் ஆட்டத்திலும் அதே தந்திரம், மூன்றாவதிலும் அதே. மூன்றும் சேர்ந்து அரைமணி நேரத்தைக்கூட எட்டவில்லை. பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று பொரித்த கோழிக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் கோழி வருவதற்குள் ஆட்டம் தீர்ந்துபோனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இறுதியில் பாக்ஸர் தம் சீடரான சோய் யோன்-சுங்கிடம் 3-2 என்று தோற்றுக் கண்ணீர் விட்டார். யெல்லோவோ ஓ.எஸ்.எல்., எம்.எஸ்.எல். இரண்டிலும் பட்டமே வெல்லாமல் ஓய்வுபெற்றார். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. என்றும் இரண்டாமவர் என்ற கேலியையே அன்பாக மாற்றி, அவரைப் பற்றிய செய்தியில் எதையும் இரண்டு முறை எழுதுவதை வழக்கமாக்கினார்கள்.

கொரிய ரசிகர் பண்பாட்டின் அடித்தளம் இங்கேதான் போடப்பட்டது. அரங்குக்கு வந்தவர்களில் பள்ளி, கல்லூரிப் பெண்கள் ஏராளம். வீரருக்காகக் கையால் வரைந்த வாசக அட்டைகளைக் கொண்டுவருவார்கள். அவை வீரர் அமரும் கண்ணாடி அறையிலும் வைக்கப்படும். 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த அணிப் போட்டி இறுதிக்கு ஒரு இலட்சம் பேர் திரண்டதாக அறிவிக்கப்பட்டது. கணக்கில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் அதே நாளில் அதே நகரில் நடந்த தொழில்முறை பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்தை இது மிஞ்சியது என்பதே அன்றைய பேச்சு.

2010இல் இந்த மாளிகையில் விரிசல் விழுந்தது. சூதாட்டத் தரகர்களோடு சேர்ந்து ஆட்டங்களை விட்டுக்கொடுத்ததற்காக, முன்னாள் சாம்பியன் மா ஜே-யூன் உள்ளிட்ட 11 வீரர்களைக் கெஸ்பா வாழ்நாள் முழுதும் தடைசெய்தது. ஒளிபரப்பு உரிமை குறித்து பிளிஸார்டோடு வழக்கும் நடந்தது. 2012இல் எம்.பி.சி. கேம் இசைச் சேனலாக மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய ஸ்டார்கிராஃப்டின் கடைசி ஓ.எஸ்.எல். முடிந்தது.

வெளிநாட்டு ரசிகரின் இரண்டு மனம்

ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து கொரியப் போட்டிகளைப் பார்த்தவர்கள் தொடக்கத்தில் சிறு கூட்டம். நேர வித்தியாசத்தால் நள்ளிரவில் விழித்திருந்து, புரியாத மொழி வருணனையின் குரல் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே ஆட்டத்தின் போக்கை ஊகித்தார்கள். 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்து, சியோலில் ஜி.எஸ்.எல். தொடர் தொடங்கியதும் நிலை மாறியது. நிக் பிளாட், டான் ஸ்டெம்கோஸ்கி என்ற இரு அமெரிக்கர்கள் சியோலிலிருந்தே ஆங்கிலத்தில் வருணித்தார்கள், பார்வையாளர் பெருகினார்கள்.

அத்துடன் சிக்கலும் பெருகியது. ஆகச் சிறந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது ரசிகரின் ஓர் ஆசை. தன் ஊர்க்காரர் வெல்ல வேண்டும் என்பது மற்றொன்று. கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ இவை அவ்வப்போதாவது ஒன்றுசேரும். இங்கே சேரவே இல்லை. பிளிஸார்ட் 2013இல் உலகத் தொடரை ஐரோப்பா, அமெரிக்கா, கொரியா என்று பிரித்தது. தடை ஏதும் இல்லாததால் கொரியர்கள் மற்ற இரண்டு பகுதிகளிலும் பெயர் கொடுத்து அங்கும் வென்றார்கள். அந்த ஆண்டு உலக இறுதிச் சுற்றுக்கு வந்த 16 பேரில் சுவீடனின் நானிவா ஒருவர்தான் கொரியர் அல்லாதவர். 2014இல் 16 பேரும் கொரியர்கள். மேற்கத்திய ரசிகர் பலர் ஒளிபரப்பை அணைக்கத் தொடங்கியது அப்போதுதான். வீரர் பெயரைப் பிரித்தறிவதே கடினம் என்று சிலர் குறைப்பட்டார்கள். அதில் இனக் காழ்ப்பின் வாடையும் அடித்தது. கொரிய ஆட்டத்தை நேசித்தவர்கள் அதைக் கடுமையாகவே எதிர்த்தார்கள்.

2015இல் விசா நிபந்தனை வந்தது. 2016இல் கொரியாவும் பிற உலகமும் இரு தனிப் பாதைகளாகி, இறுதிச் சுற்றில் தலா எட்டு இடம் என்றானது. தகுதியால் வராத இடத்தை விதியால் கொடுப்பதா என்ற சச்சரவு ரசிகர்களிடையே ஓயவில்லை. 2015 இறுதிச் சுற்றுக்கு வந்த ஒரே வெளிநாட்டவரான பிரெஞ்சுக்காரர் லில்போ போதிய பயிற்சியின்றி வந்து 3-0 என்று தோற்றபோது, அவரைத் தூற்றியவர்கள் கொரியர்கள் அல்லர், சொந்த ரசிகர்களே.

ஆனாலும் அந்த விதி வேலை செய்தது. வெல்லும் வாய்ப்பும் வருமானமும் கிடைத்ததால் வெளியே இளைஞர்கள் தொழிலாக விளையாட முடிந்தது. 2016இல் அமெரிக்கரான நீப், சியோலில் கெஸ்பா கோப்பையை வென்றார். பாத்ரிக்குப் பின் கொரிய மண்ணில் பெரும்பட்டம் வென்ற முதல் வெளிநாட்டவர். 2018 பிப்ரவரியில் கனடாவின் ஸ்கார்லெட் பியோங்சாங் போட்டியில் வென்றார். ஸ்டார்கிராஃப்ட் 2இன் பெரும் போட்டியொன்றில் பட்டம் வென்ற முதல் பெண் அவர். அதே ஆண்டு நவம்பரில் அனஹெய்மில் ஃபின்லாந்தின் செரால் உலகப் பட்டத்தையே வென்றார். இதற்கிடையே 2016இல் கொரிய அணிப் போட்டி நிறுத்தப்பட்டு, அணி வீடுகள் கலைந்து, புதிய வீரர்கள் வருவது கிட்டத்தட்ட நின்றிருந்தது. செரால் வீழ்த்தியது நலிந்த கொரியாவை என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் அந்த வீடுகளில் வளர்ந்து உச்சியில் இருந்தவர்கள் என்பது மீதிப் பாதி.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்

கொரிய சர்வர் திறந்தது 2011 டிசம்பரில். 2013 முதல் 2017 வரை உலகக் கோப்பை தொடர்ந்து ஐந்து முறை கொரியாவுக்கே. இதில் எஸ்.கே.டி. அணி மூன்று முறை வென்றது. அதன் நடு வீரர் 'ஃபேக்கர்' என்ற லீ சாங்-ஹ்யோக். 2014 வெற்றிக்குப் பின் சாம்சங்கின் இரு அணிகளிலிருந்தும் பத்து வீரர்களும் சீனப் பணத்துக்குப் போய்விட்டார்கள். ஓர் அணியில் வெளிப்பகுதி வீரர் இருவருக்குமேல் கூடாது என்ற விதியை இவ்விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் கொண்டுவந்தது. ஸ்டார்கிராஃப்ட் பட்ட பாட்டை அது கண்ணால் பார்த்திருந்தது.

கொரிய வீரர்களின் இந்த இடப்பெயர்ச்சி ஆதிக்கத்தின் கணக்கையே குழப்பிவிட்டது. 2018இல் கொரியாவிலேயே நடந்த உலகக் கோப்பையில் ஒரு கொரிய அணிகூட அரையிறுதியை எட்டவில்லை. இஞ்சியோனில் கோப்பையைத் தூக்கியது சீனாவின் இன்விக்டஸ் கேமிங். அந்த அணியின் தூண்களான ரூக்கி, த ஷை இருவரும் கொரியர்கள். கொரிய ரசிகர் அழுவதா, கைதட்டுவதா? இரண்டையும் செய்தார்கள்.

உள்நாட்டு ரசிகருக்குத் தொடர் வெற்றி சுமையாகவும் மாறியது. வெல்வது கடமை, தோற்பது குற்றம் என்ற மனநிலை. அணி நிர்வாகத்தின் முடிவு பிடிக்காவிட்டால் ரசிகர்கள் பணம் திரட்டி, மின்திரை பொருத்திய லாரியை வாடகைக்கு எடுத்து, கண்டன வாசகங்களோடு அலுவலக வாசலில் நிறுத்துகிறார்கள். பூ அலங்காரமும் பிறந்தநாள் விளம்பரப் பலகையும் வைக்கும் அதே கூட்டம்தான் இதுவும்.

2022இல் வேறொரு உணர்வு பொங்கியது. தகுதிச் சுற்றிலிருந்து ஏறிவந்த டி.ஆர்.எக்ஸ். அணி இறுதியில் ஃபேக்கரின் டி1 (முன்பு எஸ்.கே.டி.) அணியை 3-2 என்று வென்றது. டி.ஆர்.எக்ஸ். அணியில் ஆடிய, பத்தாண்டாகக் கோப்பைக்கு ஏங்கிய டெஃப்ட், ஃபேக்கர் படித்த அதே மாப்போ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். மனம் உடையாமல் இருப்பதே முக்கியம் என்ற பொருளில் அவருடைய பேட்டியையொட்டிப் பிறந்த வாசகம் நாடெங்கும் பரவி, சில வாரங்களில் கத்தார் உலகக் கோப்பையில் கொரியக் கால்பந்து வீரர்கள் பிடித்த கொடியிலும் எழுதப்பட்டிருந்தது.

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023இல் கொரிய அணி தங்கம் வென்றதும், கட்டாய ராணுவப் பணியிலிருந்து அதன் வீரர்களுக்கு விலக்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் மகனைப் பிசி பாங்கிலிருந்து இழுத்துவந்த பெற்றோரின் நாட்டில் இது சிறிய செய்தியன்று. பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குமேல் இணையத்தில் விளையாடத் தடைவிதித்த 2011ஆம் ஆண்டுச் சட்டமும் அதே நாட்டுடையதுதான்; அது 2022 ஜனவரியில் நீங்கியது.

இன்றைய நிலை

ஸ்டார்கிராஃப்ட் 2இல் பிற நாட்டு ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இத்தாலியின் ரெய்னர், சீனாவின் ஒலிவேரா, பிரான்சின் கிளெம் என்று பட்டம் பல கை மாறியது. மேடைதான் சுருங்கிவிட்டது. டெக்கன் சண்டை விளையாட்டிலும் கொரியரின் கோட்டையைப் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல் உடைத்தார். ஈவோ போட்டியின் இறுதியில் அவர் வீழ்த்தியது 'நீ' (Knee) என்ற கொரிய வீரரை.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் டி1 2023, 2024, 2025 என மூன்றாண்டு தொடர்ந்து வென்றது. 2025இல் கிடைத்தது ஃபேக்கருக்கு ஆறாவது கோப்பை. 2024 இலண்டன் இறுதியை, சீனத் தளங்களைக் கணக்கில் சேர்க்காமலே, ஒரே நேரத்தில் 69 இலட்சம் பேர் வரை பார்த்தார்கள். 2025 இறுதி சீனாவின் செங்டுவில் நடந்தது. மோதிய டி1, கே.டி. இரண்டுமே கொரிய அணிகள். சொந்த நாட்டு அணி இல்லாத அந்த இறுதியிலும் சீன ரசிகர்கள் அரங்கை நிறைத்து, ஃபேக்கரின் பெயரைச் சொல்லி ஆரவாரித்தார்கள்.