அலையும் அளவையும்: மலாக்காத் தேர்தல் தரும் கணக்கு

2021 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் நடந்த மலாக்காச் சட்டமன்றத் தேர்தலில் பாரிசான் நேசனல் 28 தொகுதிகளில் 21 ஐக் கைப்பற்றியது. 2018 இல் அது 13 தொகுதிகளே பெற்று, ஆட்சியைப் பக்காத்தான் ஹரப்பானிடம் இழந்திருந்தது. மூன்றரை ஆண்டில் அலை திரும்பி அடித்துவிட்டது எனப் பலரும் பேசினர். அலோர்காஜாவைச் சார்ந்த காடேக் தொகுதியும் ஜனநாயகச் செயல் கட்சியினின்று ம.இ.கா.வுக்கு மாறியது.

ஆயின், வாக்குக் கணக்கில் அந்த அலையைக் காணோம். இரு தேர்தல்களிலும் பாரிசான் பெற்றது ஏறத்தாழ 38 விழுக்காடு. பெருந்தொற்றுக் காலமாகிய 2021 இல் வாக்களித்தோர் 66 விழுக்காட்டினரே. ஆதலின் அவ்வணிக்கு விழுந்த வாக்குகளின் எண்ணிக்கை முன்னினும் குறைந்தது. நேர்ந்தது யாதெனில், எதிர்வாக்கு இரண்டாகப் பிரிந்தது. 2018 இல் பக்காத்தானில் இருந்த பெர்சத்து கட்சி, 2021 இல் பாஸ் கட்சியுடன் பெரிக்காத்தான் நேசனலாக நின்றது. பக்காத்தான் ஏறத்தாழ 36 விழுக்காடு பெற்றும் 5 இடங்களே வென்றது. 24 விழுக்காடு பெற்ற பெரிக்காத்தானுக்கு 2.

தமிழகத்தார்க்கு இது புதிதன்று. 1967 இல் சென்னை மாநிலத்தில் காங்கிரசு 41 விழுக்காடு வாக்குப் பெற்று 51 இடங்களில் நின்றுவிட்டது. தோழமைக் கட்சிகளுக்கு இடம் விட்டு 174 தொகுதிகளில் மட்டும் போட்டியிட்ட தி.மு.க., அதனினும் சற்றுக் குறைந்த வாக்குடன் 137 இடங்களை வென்றது. அங்கே எதிர்ப்பு ஒன்றுபட்டிருந்தது.

கருத்தாய்வு அளப்பது வாக்கை. அதை இடமாக மாற்றும்போதே தடுமாற்றம் நேர்கிறது. 2018 நாடாளுமன்றத் தேர்தலில் மெர்டேக்கா மையம், தீபகற்பத்தில் பக்காத்தானுக்கே மிகுதியான வாக்குக் கிட்டும் எனச் சரியாகக் கணித்தது. எனினும் இடக்கணக்கில் பாரிசானுக்கு 100, பக்காத்தானுக்கு 83 என்றது. 37 இடங்களை இழுபறி என விட்டது. பாரிசான் பெற்றவை 79.

மலாக்காத் தமிழர் மனத்தை அளப்பது இன்னும் அரிது. மாநிலத்தில் இந்தியர் நூற்றுக்கு ஆறு பேர் அளவினர். ஆயிரம் பேரை வினவினால் அறுபது இந்தியரே அகப்படுவர். அவ்வறுபதின்மர் விடை பன்னிரண்டு, பதின்மூன்று விழுக்காடு வரை மேலும் கீழும் பிழைபடக்கூடும். லயத்தில் ஓரிடத்தே வாழ்ந்த காலத்திலாவது கோயில் திருவிழாவில் நான்கு பேரிடம் பேசிப் பார்க்கலாம். தாமான்தோறும் சிதறிக் குடியேறியபின் அதுவும் எளிதன்று. காடேக்கில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே வாக்குச்சாவடியில் வாக்களிக்கின்றனர். எண்ணும்போது எவருடைய சீட்டு எதுவென்று பிரித்தறிய வழியில்லை. தொகுதி கைமாறியது உறுதி. தமிழர் வாக்கும் கூடவே மாறிற்று எனக் கட்சிக்காரர் மேடையில் கூறுவது, அறுபது பேரைக்கூட வினவாத கணக்கு.