ஆடினோரும் வாசலில் நின்றோரும்

வெகுசனக் கலைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாராராவர். ஒரு சாரார் அவற்றை இளைஞரைக் கெடுக்கும் வியாபாரக் கூத்து எனத் தள்ளிவிடுவர். மற்றொரு சாரார், மக்கள் விரும்பினர், ஆதலின் அது மக்கள் கலையே என முடிவுகட்டுவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம்பெற்ற றொக் அண்ட் றோல் இசை நிகழ்ச்சிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரு முடிவும் அரைகுறையானவை என்பது புலனாகும்.

அந்நிகழ்ச்சிகளுள் நெடுநாள் வாழ்ந்தது 'அமெரிக்கன் பாண்ட்ஸ்டாண்ட்'. 1952இல் பிலடெல்பியா நகரில் 'பாண்ட்ஸ்டாண்ட்' என்னும் பெயருடன் தொடங்கிய அது, 1956இல் டிக் கிளார்க்கின் பொறுப்பில் வந்தது. 1957 ஆகஸ்ட் 5 முதல் ஏ.பி.சி. நிறுவனத்தின் வாயிலாக நாடெங்கும் ஒளிபரப்பாகி, 1989 வரை நிலைத்தது. முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு நிகழ்ச்சி நிலைத்ததெனின், அதற்கான காரணத்தைச் சமுதாயத்திலேயே நாம் தேடுதல் வேண்டும்.

முதலாவது காரணம் பொருளாதாரம். இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் பாடசாலை மாணவரின் கையிற் செலவுப் பணம் புழங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு 1949இல் விற்பனைக்கு வந்தது. பிற்பகற் பொழுதை நிரப்ப வழி தேடிய தொலைக்காட்சி நிலையத்துக்கு, இசைத்தட்டைச் சுழலவிட்டுப் பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளை ஆடவிடுவதிலும் மலிவான வழி வேறு கிடைக்கவில்லை. பாடவந்த கலைஞரும் இசைத்தட்டுக்கேற்ப வாயசைத்தனர்.

எனினும், வியாபாரத்தால் மட்டும் ஒரு நிகழ்ச்சி மக்கள் மனத்தில் இடம்பிடித்துவிடாது. அங்கு ஆடியவர்கள் நட்சத்திரங்களல்லர். மேற்கு, தெற்குப் பிலடெல்பியாவின் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுட் பலர் இத்தாலியிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள். அவர்களுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. புதிய பாட்டொன்றைக் கேட்டு இளைஞரே 35 முதல் 98 வரை புள்ளியிடும் பகுதியும் நிகழ்ச்சியில் இருந்தது. வீட்டிலும் வகுப்பறையிலும் வாய்திறக்க இடம்பெறாத பருவத்தினர், தம் போன்றோரின் தீர்ப்பை நாடே கேட்பதைக் கண்டனர். பார்ப்போர் திரையில் தம்மையே கண்டனர் என்பதிலேதான் இந்நிகழ்ச்சியின் கவர்ச்சி வேரூன்றி நின்றது.

ஆனால், அத்திரையில் தம்மைக் காணும் உரிமை எல்லார்க்கும் இருந்ததா? றொக் அண்ட் றோல் கறுப்பின மக்களின் இசையிலிருந்து கிளைத்தது. சக் பெரி போன்ற கறுப்பினக் கலைஞர் பாண்ட்ஸ்டாண்ட் மேடையிலே தோன்றினர். அதே வேளையில், அந்நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த கறுப்பின இளைஞர் வாசலிலேயே தடுக்கப்பட்டனர். தடையைக் கூறும் பலகை எதுவும் அங்கு தொங்கவில்லை. முன்கூட்டியே எழுதி அனுமதி பெறவேண்டும் என்ற விதியே அவ்வேலையைச் செய்தது. கறுப்பின மாணவர் சிலர் அயர்லாந்து, போலந்து, இத்தாலியக் குடும்பப் பெயர்களை இட்டு எழுதி அனுமதிச் சீட்டுப் பெற்று உள்ளே நுழைந்தனர். விதியின் உண்மை முகத்தை அவர்கள் அம்பலப்படுத்திய விதம் இது.

கறுப்பின இளைஞர் ஆடிய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அக்காலத்தில் இல்லாமலில்லை. அண்டையிலுள்ள வில்மிங்டன் நகரில் மிச் தோமஸ் என்ற கறுப்பின அறிவிப்பாளர் 1955 முதல் 1958 வரை அத்தகைய நிகழ்ச்சியொன்றை நடத்தினார். அதைப் பார்த்தே சில ஆட்டங்களைத் தாம் பயின்றதாகப் பாண்ட்ஸ்டாண்டில் ஆடியோர் சிலர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டனர். அது மூன்றாண்டில் மறைய, ஆட்டங்களைக் கற்றுக்கொண்டோரின் நிகழ்ச்சி நாடெங்கும் புகழ்பெற்றது.

இந்நிலை பிலடெல்பியாவுக்கு மட்டும் உரியதன்று. 1957இல் அலன் ஃபிரீட் நடத்திய நிகழ்ச்சியில், பிராங்கி லைமன் என்ற கறுப்பினப் பாடகச் சிறுவன் வெள்ளையினச் சிறுமி ஒருத்தியுடன் ஆடினான். தென்மாநில நிலையங்கள் கொதித்தெழ, அந்நிகழ்ச்சி விரைவில் நின்றுபோயிற்று. போல்ரிமோர் நகரில் 'பட்டி டீன்' நிகழ்ச்சியில் 1963 ஆகஸ்டில் கறுப்பு, வெள்ளை இளைஞர் திட்டமிட்டு ஒன்றாக ஆடினர். இரு இனத்தாரையும் சேர்த்து நடத்துவதிலும் மூடிவிடுவதே மேல் எனக் கருதிய நிலையம், 1964 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டது.

1970இல் சிக்காகோவில் டொன் கோர்னீலியஸ் 'சோல் ட்ரெயின்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது புதிய கலை வடிவம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அதே இசைத்தட்டு, அதே ஆட்டம், அதே இளமை. வாசல் மட்டுமே மாறியது. அதன் முக்கிய விளம்பரதாரர் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான கூந்தற் பொருள் நிறுவனம் ஒன்று. அங்கும் வியாபாரம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், 1971இல் நாடு தழுவிய அந்நிகழ்ச்சி 2006 வரை நீடித்தமை, தம்மைத் திரையில் காணும் வேட்கை எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும்.

பிற்காலத்தில் கிளார்க், தாம் பொறுப்பேற்றதும் பாண்ட்ஸ்டாண்டில் நிறவேற்றுமையை ஒழித்துவிட்டதாகக் கூறிவந்தார். அது 1964இல் லொஸ் ஏஞ்சலிசுக்கு இடம்மாறும் வரை கறுப்பின இளைஞர் ஒதுக்கப்பட்டே வந்தனர் என்பதை, வரலாற்றாசிரியர் மத்தியூ டெல்மன்ட் 2012இல் வெளியிட்ட நூல் தக்க சான்றுகளுடன் நிறுவியது. அரைநூற்றாண்டு காலம் இனிய நினைவென்று போற்றப்பட்டது, உள்ளே ஆடியோரின் நினைவே. வாசலில் நின்றோர்க்கும் நினைவு உண்டு. அதைப் பதியக் கமெரா அங்கு இருக்கவில்லை.

ஆகவே, மக்கள் எதை விரும்பினர் என்று வினவுவதோடு பண்பாட்டு வரலாறு முடிந்துவிடுவதில்லை. அம்மக்கள் என்ற சொல்லுக்குள் யார் அடங்கினர், யார் அடங்கவில்லை, வாசலைக் காத்தவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். இசையின் இனிமையை மறுக்காமலே இவ்வினாக்களை எழுப்ப முடியும். எழுப்பும் கடமையும் நமக்கு உண்டு.