போதை மீட்பு சிகிச்சைக்கு அரசு மானியம்: எல்லையோர மக்கள் அறிய வேண்டியவை

அமரவிளை: திருவனந்தபுரம் – கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள அமரவிளை கலால் சோதனைச்சாவடி, போதைப்பொருள் பறிமுதல் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. பறிமுதல் நடவடிக்கை போதைப்பொருளின் வரத்தைத் தடுக்கும். ஆனால், ஏற்கெனவே அதற்கு அடிமையானவரை மீட்பதற்குச் சிகிச்சை தேவை. அதற்கென மத்திய, மாநில அரசுகள் தனியே நிதி ஒதுக்குகின்றன.

ஓபியாய்டு என்பது என்ன?

அபினி, ஹெராயின் ஆகியவற்றுடன் மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநிவாரணி மருந்துகளும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. டிரமடால் 2018-ஆம் ஆண்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி, 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் சுமார் 2.26 கோடி பேர் ஓபியாய்டு பயன்படுத்துகின்றனர். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது.

மத்திய அரசின் மானியம்

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் 1985-86 முதல் தன்னார்வ நிறுவனங்களுக்கு இதற்கான நிதியுதவி வழங்கி வருகிறது. 2018-இல் தொடங்கப்பட்ட 'போதைப்பொருள் தேவை குறைப்புக்கான தேசிய செயல் திட்டம்' தற்போது இதன் அடிப்படையாக உள்ளது. உள்நோயாளிகளைச் சேர்க்கும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள், இளைஞர்களுக்கான விழிப்புணர்வுப் பணிகள், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் சிகிச்சைப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு இத்திட்டத்தின் கீழ் நிதி வழங்கப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் 'நஷா முக்த் பாரத்' இயக்கம் தொடங்கப்பட்டது.

கேரளத்தின் 'விமுக்தி'

கேரள அரசு 2016-இல் 'விமுக்தி' இயக்கத்தைத் தொடங்கியது. இதனைக் கலால் துறையே நடத்துகிறது. இதன் கீழ் 14 மாவட்டங்களிலும் சிகிச்சை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. திருவனந்தபுரம் மாவட்டத்திற்கான மையம், அமரவிளைக்கு அருகிலுள்ள நெய்யாற்றின்கரை அரசு பொது மருத்துவமனையில் அமைந்துள்ளது. சோதனைச்சாவடியில் வாகனங்களைச் சோதிக்கும் அதே துறையே சிகிச்சைக்கும் வழிசெய்வதால், மருத்துவமனைக்குச் சென்றால் வழக்கு பதியப்படுமோ என்ற அச்சம் குடும்பத்தினருக்கு எழக்கூடும்.

சட்டப் பாதுகாப்பு

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இந்த அச்சத்திற்கு விடையளிக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ, சிறிய அளவில் வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மீது அக்குற்றத்திற்காக வழக்குத் தொடர இயலாது. எனினும், சிகிச்சையை முழுமையாகப் பெறாதவருக்கு இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். வணிக நோக்கில் கடத்துவோருக்கு இது பொருந்தாது.

தொடர் சிகிச்சை அவசியம்

ஓபியாய்டு பழக்கத்திலிருந்து விடுபடுவதற்குச் சில நாள் உள்நோயாளி சிகிச்சை மட்டும் போதாது. பலருக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் நீண்ட காலம் தேவைப்படுகின்றன. இடைவெளிக்குப் பின் பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொண்டால், தாங்குதிறன் குறைந்த உடலில் மூச்சு அடங்கி உயிரிழப்பு நேரிடலாம். எனவே, மானியம் தடையின்றிக் கிடைப்பதும், நோயாளி இடைவிடாது சிகிச்சைக்கு வருவதும் ஒருங்கே அவசியமாகின்றன.

உதவி பெற

தேசிய கட்டணமில்லா உதவி எண்: 14446. கேரளத்தில் 'விமுக்தி' உதவி எண்: 14405.