பந்தயம் காணாத பந்தய வண்டி

தில்லியில் 1964-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர்க் கொல்கத்தாவிலும் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் நடத்தி வந்த பழைய மோட்டார் வண்டிகளின் அணிவகுப்பை, அந்நகரங்களில் வாழும் நம்மவர் பலர் சாலையோரம் நின்று கண்டிருப்பர். பித்தளை விளக்குகளும் நீண்ட முகப்பும் கொண்ட அவ்வண்டிகள் மெல்ல ஊர்ந்து செல்லும்போது கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: ‘இதை விற்றால் என்ன விலை போகும்?’ வண்டியின் வயதையோ, அதைச் செய்தவன் பெயரையோ கேட்பதற்கு முன்னரே விலையைக் கேட்பது மனித இயல்பு. அக்கேள்விக்கு இதுவரை உலகம் கண்ட மிகப் பெரிய விடை, 2022-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் கிடைத்தது. மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில், அழைக்கப்பெற்ற சிலர் முன்னிலையில் மட்டும் நடந்த ஏலத்தில், 1955-ஆம் ஆண்டில் செய்த ஒரு வண்டி 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்பனையாயிற்று. அந்நாளைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய்.

அதற்கு முன் பொது ஏலத்தில் ஒரு மோட்டார் வண்டி பெற்றிருந்த மிக உயர்ந்த விலை, 2018-இல் கலிபோர்னியாவில் ஒரு பெராரி 250 ஜி.டி.ஓ. வண்டி பெற்ற 4 கோடியே 84 லட்சம் டாலர். அவ்வண்டி பந்தயங்களில் ஓடியது, வென்றது. ஸ்டுட்கார்ட்டில் விலைபோன வண்டியோ ஒரு பந்தயத்தில்கூடக் கலந்துகொண்டதில்லை. பந்தயத்துக்கென்றே பிறந்தும் பந்தயம் காணாத இவ்வண்டி, வெற்றி பெற்ற வண்டிகளையெல்லாம் விலையில் விஞ்சியது எவ்வாறு? அதன் வரலாற்றில்தான் விடை இருக்கிறது. அவ்வரலாற்றின் நடுவே எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்களின் இழப்பும் இருக்கிறது. ஏலச் செய்திகள் இந்த இரண்டாவது பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நாம் சற்று நின்று காண்பது தகும்.

மெர்ஸிடிஸ் நிறுவனம் 1955-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்காக ‘300 எஸ்.எல்.ஆர்.’ என்ற வண்டியை ஆக்கியது. வரிசையாக அமைந்த எட்டுச் சிலிண்டர்கள். மூன்று லிட்டர் கொள்ளளவு. முந்நூறுக்கும் சற்று மிகுந்த குதிரைச் சக்தி. முகப்பின் உயரத்தைக் குறைப்பதற்காக எஞ்சினை ஒருபுறமாகச் சாய்த்து வைத்தனர். போர்க்கால விமான எஞ்சின்களில் பழகிய முறைப்படி எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. சாதாரண எஞ்சினில் வால்வுகளை மூடுவது சுருள்வில்லின் வேலை. சுழற்சி மிக விரைவானால் வில் பின்தங்கிவிடும். ஆதலின் இவ்வண்டியில் வில்லை நம்பாது, வால்வைத் திறப்பதற்குப் போலவே மூடுவதற்கும் இயந்திரக் கரத்தையே அமைத்தனர். உடற்கூட்டுக்கு, எடை குறைவதன் பொருட்டு, மக்னீஷியம் கலந்த உலோகத் தகட்டைப் பயன்படுத்தினர். இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் செய்த அடிச்சட்டங்கள் ஒன்பதே. அவற்றுள் இரண்டுக்கு மட்டும் மூடிய கூரையும், பறவையின் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளும் அமைந்தன. கதவின் அவ்வமைப்பு அழகுக்காக ஏற்பட்டதன்று. குழாய்களால் பின்னிய அடிச்சட்டம் இருபுறமும் உயர்ந்து நின்றமையால், சாதாரணக் கதவுக்கு அங்கே இடமில்லை. தேவையிலிருந்து பிறந்த அவ்வடிவமே இன்று காண்போர் கண்ணைக் கவர்கிறது.

இவ்விரு வண்டிகளுக்கும் பெயர் தந்தவர் ருடால்ப் ஊலன்ஹவுட். ஜெர்மானியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1906-இல் லண்டனில் பிறந்தவர்; 1931-இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஐந்தே ஆண்டுகளில் பந்தயப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றவர். வண்டியில் குறையிருப்பதாக ஓட்டுநர் சொன்னால், தாமே ஏறி அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் குறையைக் கண்டறியும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இவ்வாறு ஓட்டத் தெரிந்த பொறியாளர் எந்நாளும் அரியவரே.

300 எஸ்.எல்.ஆர். வண்டியின் புகழ் 1955 மே 1-ஆம் நாள் இத்தாலியில் நிலைபெற்றது. ‘ஆயிரம் மைல்’ என்று பொருள்படும் மில்லே மில்யா பந்தயம், பிரெஷ்யா நகரில் தொடங்கி ரோமாபுரி சென்று மீண்டும் பிரெஷ்யாவிலேயே முடிவது; பொதுச் சாலைகளில் நடப்பது. ஆங்கில ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ், காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டார். ஆகவே வண்டியின் எண் 722. அவர் அருகில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். வழியிலுள்ள வளைவுகளையும் மேடுகளையும் முன்னரே நேரில் கண்டு நீண்ட காகிதச் சுருளில் எழுதி, அதைச் சிறு பெட்டியில் உருட்டிப் படித்தபடியே கைச்சைகையால் ஓட்டுநருக்கு வழி சொன்னார். எஞ்சினின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. பத்து மணி 7 நிமிடம் 48 விநாடியில் அவர்கள் ஓட்டத்தை முடித்தனர். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். அப்பந்தயம் இருந்தவரையில் அதனை எவரும் முறியடிக்கவில்லை.

ஆறு வாரங்கள் கழிந்தன. ஜூன் 11-ஆம் நாள் பிரான்ஸில் லெ மான் நகரத்து இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் தொடங்கியது. அவ்வோட்டத்தில் மெர்ஸிடிஸ் வண்டிகளுக்கு ஒரு குறை இருந்தது. எதிரிகளான ஜாகுவார் வண்டிகளில் தட்டுப் பிரேக்குகள் வந்துவிட்டன. மெர்ஸிடிஸோ இன்னும் பழைய உருளைப் பிரேக்குகளையே கொண்டிருந்தது. குறையை ஈடுகட்ட, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே காற்றை எதிர்த்து நிமிரும் ஒரு பெரும் பலகையைப் பொருத்தினர். ஆயினும் நிறுத்தும் ஆற்றலில் வண்டிக்கு வண்டி இருந்த வேறுபாடு அன்று வினையாய் முடிந்தது.

மெர்ஸிடிஸ் குழுவில் பியேர் லெவேக் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1952-ஆம் ஆண்டு இதே பந்தயத்தில், துணை ஓட்டுநருக்கு இடம் கொடாமல் ஏறத்தாழ 23 மணி நேரம் தாம் ஒருவரே டால்போ வண்டியை ஓட்டி, முதலிடத்தில் இருக்கையில், முடிவு நெருங்கிய வேளையில் எஞ்சின் பழுதாகித் தோற்றவர் அவர். அன்று வெற்றி மெர்ஸிடிஸுக்குச் சென்றது. அந்த உறுதியைக் கண்டு வியந்தே அந்நிறுவனம் பின்னர் அவருக்குத் தன் வண்டியைக் கொடுத்தது.

மாலை ஆறரை மணி நெருங்கும் நேரம். முன்னே சென்ற மைக் ஹாதார்னின் ஜாகுவார், எரிபொருள் நிரப்பும் கொட்டகைக்குத் திரும்புவதற்காகச் சட்டென்று வேகத்தைக் குறைத்தது. கொட்டகைகளுக்கும் ஓடுபாதைக்கும் இடையே அந்நாளில் தடுப்புச் சுவர் இல்லை. பின்னால் வந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின்-ஹீலி மோதலைத் தவிர்க்க இடப்புறம் ஒதுங்கிற்று. அதே இடப்புறத்தில் லெவேக் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்துகொண்டிருந்தார். ஹீலியின் சரிந்த பின்புறத்தில் ஏறிய மெர்ஸிடிஸ், காற்றில் எழும்பி, மக்கள் நின்ற மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பிரிந்து கூட்டத்தை ஊடுருவிச் சென்றன. மக்னீஷிய உடற்கூடு வெண்மையாய் எரிந்தது. அத்தகைய தீயை நீர் அணைக்காது, வளர்க்கும். லெவேக் அங்கேயே மாண்டார். அவருடன் மாண்ட பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோர். காயமுற்றோர் நூற்றுக்கு மேல். லெவேக்குக்குப் பின்னே வந்த அர்ஜென்டீனா வீரர் பான்ஜியோ மயிரிழையில் தப்பினார். இறப்பதற்குச் சற்று முன் லெவேக் கையை உயர்த்தித் தம்மை எச்சரித்ததாக அவர் பின்னாளில் கூறினார்.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் கலைந்து செல்லும் மக்கள் திரள் சாலைகளை அடைத்து, மருத்துவ வண்டிகளுக்கு வழியில்லாமல் செய்துவிடும் என்பது அதிகாரிகள் தந்த காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிணங்கள் கிடக்கும் இடத்தருகே இரவெல்லாம் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன என்பதை எந்தக் காரணமும் மறைத்துவிடாது. லெவேக்கின் பங்காளியாய்த் தம் முறைக்குக் காத்திருந்த அமெரிக்கர் ஜான் பிட்ச், பந்தயத்திலிருந்து விலகுமாறு மெர்ஸிடிஸ் குழுவினரை வற்புறுத்தினார். நள்ளிரவுக்குப் பின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. முதலிடத்தில் சென்றுகொண்டிருந்த தன் வண்டியை மெர்ஸிடிஸ் அழைத்துக்கொண்டு வெளியேறியது.

ஐரோப்பாவெங்கும் அதிர்ச்சி பரவியது. பல பந்தயங்கள் கைவிடப்பட்டன; சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. மெக்ஸிகோ நாட்டில் நெடுந்தொலைவுக்கு நடந்துவந்த கரேரா பனமெரிக்கானா பந்தயமும் அவ்வாண்டு நின்றுபோயிற்று. நாம் பேசத் தொடங்கிய கூரை வண்டிகள் இரண்டும் அத்தகைய நீண்ட ஓட்டங்களைக் கருதி அமைந்தவையே. ஓட வேண்டிய களம் மறைந்தது. மெர்ஸிடிஸ் எஞ்சிய பந்தயங்களில் ஓடி, அக்டோபரில் ஸிஸிலித் தீவில் வென்று அவ்வாண்டின் உலகப் பட்டத்தையும் பெற்று, அத்துடன் பந்தயத்தை விட்டு விலகியது. 300 எஸ்.எல்.ஆர். கலந்துகொண்ட பந்தயங்கள் மொத்தம் ஆறு, வென்றவை ஐந்து, ஆறாவது லெ மான்.

வேலையற்றுப்போன கூரை வண்டிகளுள் ஒன்றை ஊலன்ஹவுட் தம் அலுவல் பயணங்களுக்கு எடுத்துக்கொண்டார். மணிக்கு 290 கிலோமீட்டர் வரை செல்லக்கூடிய வண்டி, சாலையில் போவோர் காதைச் செவிடாக்காதிருக்க, பயணப்பெட்டி அளவான ஓர் ஒலியடக்கியை அதன் பக்கத்தில் பொருத்தினர். மூனிச் நகரில் ஒரு கூட்டம் முடிந்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள ஸ்டுட்கார்ட்டை அவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான காலத்தில் அடைந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ, உண்மையோ, அவ்வண்டியின் பெயர் அதனால் வளர்ந்தது. 1989-இல் ஊலன்ஹவுட் மறைந்தார். இரு வண்டிகளும் நிறுவனத்தின் காப்பிலேயே இருந்தன. விற்பனைக்கு வராது என்று உலகமே நம்பியிருந்தது.

பொருளின் விலை அதன் பயனைப் பொறுத்தது என்று கருதுவோர்க்கு இவ்வேலம் விளங்காது. உலகில் இரண்டே உள்ளவை. இரண்டும் செய்தவன் கையை விட்டு நீங்காதவை. நீங்கும் என்ற எதிர்பார்ப்பும் இல்லாதவை. அருமை என்பதற்கு இதனினும் மேலான நிலை இல்லை. ஆயின், இரண்டோடு ஏன் நின்றது என்று கேட்டால், நாம் லெ மான் நகருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த மாலை நிகழாதிருந்தால் இவ்வகை வண்டிகள் மேலும் பல தோன்றியிருக்கலாம். ஓடியும், உடைந்தும், திருத்தப்பெற்றும், கைமாறியும் போயிருக்கலாம். அவற்றின் விலையும் பெராரிகளின் விலையைப் போன்றதாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து. இதற்குச் சான்றும் உண்டு. 1955-இல் பான்ஜியோவும் மாஸும் உலகப் பந்தயக் களங்களில் ஓட்டிய, காற்றை வகிரும் உடல் கொண்ட மற்றொரு மெர்ஸிடிஸ், 2025 பிப்ரவரியில் அதே அருங்காட்சியகத்தில் ஏலமாயிற்று. பெருமை பல கொண்ட அவ்வண்டி பெற்றது 5 கோடியே 11 லட்சம் யூரோ. பந்தயம் காணாத வண்டி பெற்றதில் பாதிகூட இல்லை.

விற்பனையில் வந்த பணத்தைக் கொண்டு, சுற்றுச்சூழல் அறிவியல் பயிலும் மாணவர்க்கு உதவிச் சம்பளம் வழங்க ஒரு நிதியை நிறுவுவதாக மெர்ஸிடிஸ் அறிவித்தது. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. சிறப்பு நிகழ்ச்சிகளில் வண்டியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க அவர் இசைந்தார் என்பது மட்டும் தெரிந்தது. இணை வண்டி நிறுவனத்திடமே இருக்கிறது.

ஜான் பிட்ச் பந்தயக் களத்தை மறக்கவில்லை. அன்று கண்டதையும் மறக்கவில்லை. பின்னாளில், நெடுஞ்சாலைப் பாலங்களின் தூண்களுக்கு முன்னே மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை அடுக்கி வைக்கும் முறையை அவர் வகுத்தார். மோதும் வண்டியின் வேகத்தை மணல் படிப்படியாக உட்கொண்டு, உள்ளிருப்போர் உயிரைக் காக்கும். அமெரிக்கச் சாலைகளில் அந்த மஞ்சள் நிறப் பீப்பாய்களை இன்றும் காணலாம். அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.