புதியவருக்கு மட்டும் எழுதிய விதி: கணினி வல்லுநர்களின் விவாதங்களில் நடத்தை நெறி வளர்ந்த வரலாறு, 1969 முதல் 2018 வரை

கணினி வல்லுநர்கள் தங்களுக்குள் எழுத்தில் வாதிட்டுக்கொண்ட முறைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதை நாம் வழக்கமாகக் கருவிகளின் வரிசையாகவே எழுதிவிடுகிறோம்: முதலில் மின்னஞ்சல் குழுக்கள், அடுத்து யூஸ்நெட், பிறகு வலைத்தளங்கள். விவாதத்தில் எது தகும், எது தகாது என்று யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. 1980களில் தொடங்கி எழுதப்பட்ட நெறிகளில் பெரும்பாலானவை புதிதாக வருபவரை நோக்கியவை. மூத்தவரும் தலைவரும் அதே நெறிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தாமதம் ஏன் ஏற்பட்டது, எப்படி முடிவுக்கு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தயக்கத்தோடு ஒரு தொடக்கம்

1969 ஏப்ரலில் ஸ்டீவ் கிராக்கர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் கணினிகள் எப்படி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த இளைஞர் குழு ஒன்றில் அவரும் இருந்தார். இந்த வேலையை அதிகாரபூர்வமாகச் செய்ய வேண்டிய பெரியவர்கள் எங்கோ இருக்கிறார்கள், தாங்கள் முந்திக்கொண்டால் அவர்கள் மனம் கோணக்கூடும் என்று அந்த மாணவர்களுக்கு அச்சம். நண்பர்கள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், அவர்களை எழுப்பக்கூடாது என்பதற்காகக் குளியலறையில் உட்கார்ந்து முதல் குறிப்பை எழுதியதாகக் கிராக்கர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். முடிவு, ஆணை, தரம் என்று எந்தப் பெயரும் வைக்காமல், கருத்துச் சொல்லுங்கள் என்ற கோரிக்கையாகவே அதற்குத் தலைப்பிட்டார். ஆர்எப்சி என்ற வரிசை அப்படித்தான் பிறந்தது.

அதே மாதத்தில் வந்த மூன்றாம் குறிப்பு இன்னும் கவனிக்கத்தக்கது. குறிப்புகள் செம்மையாக இருப்பதைவிட உரிய நேரத்தில் வருவது நல்லது என்றும், ஒரே ஒரு வாக்கியம் இருந்தாலும் போதும் என்றும் அது சொன்னது. அச்சமின்றிப் பேசலாம் என்ற அழைப்பு அது. எழுதுபவரின் தகுதி என்ன என்று அது கேட்கவில்லை. இத்துறையின் முதல் நடத்தை நெறி என்று நான் இதையே கருதுகிறேன். பின்னால் வந்த பல நெறிகள் இந்த உயரத்தை எட்டவில்லை.

முகம் தெரியாத எழுத்து

1975இல் ஆர்பாநெட்டில் எம்எஸ்ஜி-குரூப் என்ற மின்னஞ்சல் குழு தொடங்கியது. மின்னஞ்சலைப் பற்றி மின்னஞ்சலிலேயே விவாதிப்பது அதன் வேலை. ஒரு மடலின் தலைப்பகுதியில் என்னென்ன விவரங்கள் இருக்க வேண்டும் என்ற சின்னக் கேள்விக்கே அங்கே நீண்ட சண்டைகள் நடந்தன. 1978 மே மாதம் டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் நூற்றுக்கணக்கான ஆர்பாநெட் பயனர்களுக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியபோது, இந்த வலையமைப்பை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற விவாதம் மூண்டது. அந்த நாளில் உறுப்பினர்கள் பலர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒரே அரசுத் துறையின் நிதியில் வேலை செய்தவர்கள். கசப்பு வந்தாலும் தொலைபேசியிலோ மாநாட்டிலோ ஆறிவிடும்.

1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு வகை. கயிறறுந்து விழும் மின்தூக்கிக்குள் பாதரசத் துளி என்ன ஆகும் என்ற இயற்பியல் புதிரைச் சுற்றிப் பல்கலைக்கழகத்தின் கணினிவழி அறிவிப்புப் பலகையில் நகைச்சுவையாகச் சிலர் எழுதினார்கள். கட்டடத்தில் உண்மையிலேயே பாதரசம் சிந்திவிட்டது என்ற எச்சரிக்கையாக வேறு சிலர் அதை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் ஒரு வழி சொன்னார்: முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போட்டால் அது விளையாட்டு என்று பொருள். அந்த மூல மடல் 2002இல் பழைய காப்பு நாடாக்களிலிருந்து மீட்கப்பட்டது.

இரண்டு ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தின் சாரா கீஸ்லரும் அவருடைய சகாக்களும், கணினி வழியே கலந்து பேசும் குழுக்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அத்தகைய குழுக்களில் எல்லோரும் ஓரளவு சமமாகப் பேசுகிறார்கள், முடிவுக்கு வர அதிக நேரம் எடுக்கிறது, கடுஞ்சொல்லும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. சமத்துவமும் கடுஞ்சொல்லும் ஒரே சூழலிலிருந்து வந்தன. பிற்கால நெறியாளர்கள் இரண்டாவதை அடக்க முயன்றபோது முதலாவதைக் காப்பாற்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மறந்துபோனார்கள்.

யூஸ்நெட்டும் புதியவரும்

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் திட்டமிட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பில் நிலைமை மாறியது. அதற்குத் தலைவர் கிடையாது, மைய அலுவலகம் கிடையாது. எனவே நெறியை எழுத்தில் வைக்க வேண்டியதாயிற்று. சக் வான் ராஸ்பாக் எழுதிய அறிமுகக் கையேடு, எதிர்முனையில் இருப்பவரும் மனிதரே என்பதை மறவாதீர் என்று சொன்னது. இத்தகைய கையேடுகள் புதுப் பயனர்களுக்கென்றே அமைந்த செய்திக்குழுவில் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டன. அறிவுரை அருமையானது. ஆனால் அது வைக்கப்பட்ட இடம் புதியவர் நுழையும் வாசல். பத்து ஆண்டு பழகியவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

பழையவர்களுக்கு வேறு வசதி கிடைத்தது. 1984இல் லாரி வால் எழுதிய ஆர்என் என்ற படிப்பான் நிரலில், பிடிக்காத ஒருவரின் மடல்களைக் கண்ணில் படாமலே நீக்கிவிடலாம். தவறு செய்தவரிடம் தவறு என்று சொல்லும் பொறுப்பை நிரலிடம் ஒப்படைக்கும் பழக்கம் இங்கே தொடங்கியது.

1992 ஜனவரி: ஒரு நாளில் ஆறிய சண்டை

எழுதப்பட்ட விதிகளைத் தாண்டி, நெறி எப்படி உயிரோடு இயங்கியது என்பதற்கு இந்த வரலாற்றில் ஒரு சிறந்த சான்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்கு இயங்குதளம் கற்பிக்க மினிக்ஸ் என்ற சிறு அமைப்பை உருவாக்கியவர். மினிக்ஸுக்கென யூஸ்நெட்டில் இருந்த செய்திக்குழுவில்தான் 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதள முயற்சியான லினக்ஸை அறிவித்தார். 1992 ஜனவரி 29 அன்று, லினக்ஸ் காலாவதியாகிவிட்டது என்ற பொருளில் தலைப்பிட்டு டானன்பாம் ஒரு மடல் எழுதினார். முழு இயங்குதளத்தையும் ஒரே பெரும் நிரலாகக் கட்டுவது பழைய முறை, சிறிய மையமும் தனித்தனிச் சேவைகளுமாகப் பிரிப்பதே சரி, இன்டெல் 386 என்ற ஒரே சில்லுக்காக எழுதியதும் தவறு என்பவை அவருடைய வாதங்கள்.

டோர்வால்ட்ஸுக்கு அப்போது வயது 22. அன்றே பதில் எழுதினார். மினிக்ஸின் குறைகளுக்கெல்லாம் நீங்கள் பேராசிரியராக இருப்பதே நல்ல சாக்கு என்கிற அளவுக்கு அந்தப் பதில் போனது. மறுநாள் அவரே இன்னொரு மடல் எழுதினார். யோசிக்காமல், நாகரிகத்தையும் இணைய ஒழுங்கையும் எண்ணாமல் பதில் போட்டுவிட்டேன் என்று டானன்பாமிடம் மன்னிப்புக் கேட்டார். இப்படியெல்லாம் எழுதுவதில்லை என்று நட்போடு தமக்குத் தனியே எழுதிய ஒருவருக்கு நன்றியும் சொன்னார். டானன்பாமும் விட்டுக்கொடுக்கவில்லை. நீ என் மாணவனாக இருந்தால் இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்று எழுதி, ஃபால்மன் சொன்ன அந்தச் சிரிப்புக் குறியை முடிவில் வைத்தார். கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை. ஆனால் 2004இல், லினக்ஸ் மினிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டை ஓர் ஆய்வு நிறுவனம் கிளப்பியபோது, அது பொய், டோர்வால்ட்ஸே எழுதினார் என்று பகிரங்கமாகச் சாட்சி சொன்னவர் இதே டானன்பாம்.

இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் தொழில்நுட்ப விவாதமாகவே நினைவுகூர்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமானது அந்தத் தனி மடல். கோபத்தில் எழுதியவரிடம், சபையில் அவமானப்படுத்தாமல், உடனே ஒருவர் சொன்னார். அவரும் உடனே கேட்டுக்கொண்டார். எந்த விதியும், எந்தக் குழுவும் குறுக்கே வரவில்லை. டோர்வால்ட்ஸ் அன்று யாருக்கும் தலைவர் இல்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

முடியாத செப்டம்பர்

ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் புது மாணவர்கள் வருவார்கள், யூஸ்நெட் கொஞ்ச காலம் கலங்கும், அவர்கள் பழகியதும் தெளியும். 1993–94இல் வணிக நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்கா ஆன்லைன், தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு அந்தச் செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். 1994 ஏப்ரலில் அரிசோனா வழக்கறிஞர் தம்பதி ஒன்று அமெரிக்கக் குடியேற்ற அட்டை விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் போட்டுத் தள்ளியது. 1995 அக்டோபரில் இன்டெல்லைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த, இணைய ஒழுங்குக்கான வழிகாட்டியான ஆர்எப்சி 1855 வந்தது.

பெரிய எழுத்துகளில் எழுதினால் கத்துவதாகப் பொருள், கோபமான பதிலை ஓர் இரவு பொறுத்து அனுப்பு, கையொப்பம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு குழுவில் எதையும் எழுதுமுன் ஒன்றிரண்டு மாதம் வாசித்துப் பார் என்றெல்லாம் அது சொன்னது. ஒவ்வொன்றும் நியாயம். ஆனால் 1969இன் மூன்றாம் குறிப்போடு வைத்துப் பார்த்தால் தூரம் தெரியும். ஒரு வாக்கியமானாலும் எழுதலாம் என்றது பழையது. இரண்டு மாதம் பேசாமல் இரு என்றது புதியது.

2001இல் எரிக் ரேமண்ட் எழுதிய, கேள்வி கேட்பது எப்படி என்ற வழிகாட்டி இதை இன்னும் கூர்மையாக்கியது. கேட்பவர் முதலில் தேட வேண்டும், தேடியதைச் சொல்ல வேண்டும், நேரத்தை வீணாக்கக் கூடாது. பதிலில் கடுமை இருந்தால் அதைத் தனிப்பட்ட தாக்குதலாக எடுத்துக்கொள்ளாமல் தாங்கிக்கொள்ளவும் அது பழக்கியது. பதில் சொல்பவர்களுக்கும் அதில் சில பத்திகள் உண்டு. ஆனால் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது முதல் பகுதிதான். 2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளம், நெறியை வாக்குகளாகவும் புள்ளிகளாகவும் மாற்றியது. பத்து ஆண்டு கழித்து, 2018 ஏப்ரலில், புதியவர்களை, சிறப்பாகப் பெண்களையும் சிறுபான்மையினரையும், தாங்கள் வரவேற்கவில்லை என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

தலைவரை நோக்கித் திரும்பிய நெறி

2000களில் லினக்ஸ் உலகெங்கும் வழங்கிகளையும், பின்னர் ஆண்ட்ராய்டு வழியே கைபேசிகளையும் இயக்கியது. அதன் மையக் குழுவில் டோர்வால்ட்ஸின் சொல்லே இறுதி. 2012 டிசம்பரில் மூத்த பராமரிப்பாளர் ஒருவர் செய்த மாற்றத்தால் பயனர் நிரல்கள் சில செயலிழந்தன. லினக்ஸின் உட்கருவான மையநிரல் மாறுவதால் பயனரின் நிரல் ஒருபோதும் முறியக் கூடாது என்பது டோர்வால்ட்ஸின் கொள்கை. தொழில்நுட்ப அளவில் அது முற்றிலும் சரி. அதைச் சொல்ல அவர் பெரிய எழுத்துகளையும் வசைச்சொல்லையும் எடுத்துக்கொண்டார். ஆர்எப்சி 1855 அப்போதும் இருந்தது. அதை அவரிடம் எடுத்துக்காட்டத் துணிந்தவர் யாருமில்லை.

2013 ஜூலையில் ஒருவர் துணிந்தார். இன்டெல்லில் பணியாற்றி, லினக்ஸின் யுஎஸ்பி 3.0 பகுதியைப் பராமரித்துவந்த அந்த நிரலாளர், வசைபாடுவதை நிறுத்துங்கள் என்று குழுவிலேயே வெளிப்படையாகக் கேட்டார். போலியான அலுவலக நாகரிகம் தமக்கு வராது என்பது டோர்வால்ட்ஸின் பதில். 2015 மார்ச்சில் ஒரு பக்கம் கூட நிரம்பாத மோதல் நெறி ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த அக்டோபரில், கேள்வி எழுப்பிய நிரலாளர் லினக்ஸ் பணியைவிட்டு விலகியதை அறிவித்தார். 1992இல் ஒரே நாளில் வேலை செய்த அதே திருத்தம் இந்த முறை ஏன் பலிக்கவில்லை? சொன்னவரின் நோக்கமும் உண்மையும் குறைவில்லை. கேட்பவர் ஏறியிருந்த இடம்தான் மாறியிருந்தது. திறமை இருந்தால் கடுஞ்சொல்லுக்கும் உரிமை உண்டு என்ற நம்பிக்கை அவரைச் சுற்றி வேலிபோல் நின்றது.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். பைத்தான் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பைவிட்டு விலகினார். ஒரு சிறிய இலக்கண மாற்றத்தைப் பற்றிய விவாதம் அவரைச் சோர்வடையச் செய்திருந்தது. இவ்வளவு போராடி, இத்தனை பேர் தம் முடிவை வெறுப்பதைக் காண இனி விருப்பமில்லை என்றார். அங்கே காயப்பட்டவர் தலைவர். அவருக்குப் பின் பைத்தானை ஐவர் அடங்கிய தேர்ந்தெடுக்கப்பட்ட குழு நடத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, லினக்ஸ் 4.19இன் நான்காம் சோதனைப் பதிப்பை அறிவிக்கும் வழக்கமான மடலில் டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். தம் மடல்களில் இருந்த தாக்குதல்கள் தொழிலுக்குத் தகாதவை, தேவையற்றவை என்றார். பிறர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகவும் சில காலம் விலகியிருக்கப்போவதாகவும் எழுதினார். அதே நாள் பழைய மோதல் நெறி நீக்கப்பட்டு, பல திறமூலத் திட்டங்கள் ஏற்றிருந்த கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற உடன்படிக்கையை ஒட்டிய நடத்தை நெறி மையநிரலின் ஆவணங்களில் சேர்ந்தது. பராமரிப்பாளர்களின் கடமை என்று அதில் தனிப்பகுதி உண்டு. 1980களின் கையேடுகளில் காணாத பகுதி அது.

கடுமையை எடுத்துவிட்டால் தரம் விழும் என்று அன்று பலர் எச்சரித்தார்கள். அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை, தவறான நிரலைத் தவறு என்று தயங்காமல் சொல்லும் பழக்கம் மையநிரலின் உயிர்நாடி. ஆனால் அதற்குப் பிறகும் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. தவறான நிரல் இன்றும் மறுக்கப்படுகிறது. 2024 நவம்பரில், சக நிரலாளரிடம் தகாத முறையில் எழுதிய கோப்பு முறைமைப் பராமரிப்பாளர் ஒருவருக்கு, 6.13 பதிப்பின் வளர்ச்சிக் காலம் முழுவதும் பங்கேற்பு கட்டுப்படுத்தப்பட்டது. அவர் புதியவர் இல்லை. அவர் பராமரித்த பகுதி ஏற்கெனவே மையநிரலில் இடம்பெற்றிருந்தது.